ராக்கெட்டும் நிலைமமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூட்டனின் முதல் விதியைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். ராக்கெட் என்று வந்தவுடன் அதே விதி எங்கெங்கே வேலை செய்கிறது என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. மாணவர்களும் மாதிரி ராக்கெட் செய்பவர்களும் ஏவுதலை நேரலையில் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். கணக்குகள் எளிமையானவை, ஒரு தாளை வைத்துக்கொண்டு நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

நிலைமம் என்பது ஒரு விசையா?

இல்லை. ஒரு பொருள் தான் இருக்கும் இயக்கநிலையிலேயே நீடிக்கும் இயல்புதான் நிலைமம். நின்றால் நிற்கும்; நகர்ந்தால் அதே வேகத்தில், அதே நேர்கோட்டில் நகரும். மாற்ற வேண்டுமானால் வெளியிலிருந்து விசை வேண்டும். அந்த மாற்றத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு என்பதை அளப்பது நிறை. ஆகவே "நிலைம விசை ராக்கெட்டைத் தள்ளியது" என்று தேர்வில் எழுதினால் அது தவறு.

ராக்கெட்டுக்கு நிலைமம் ஒரு தடை என்று மட்டும் நினைக்க வேண்டாம். உந்துவிசை கிடைப்பதே நிலைமத்தால்தான். எப்படி என்பதை மூன்றாம் கேள்வியில் பார்ப்போம்.

எஞ்சின் பற்றிக்கொண்ட பிறகும் பெரிய ராக்கெட்டுகள் ஏன் அவ்வளவு மெதுவாக எழும்புகின்றன?

நிலவுக்கு மனிதர்களைக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். புறப்படும்போது அதன் நிறை சுமார் 2,900 டன். அதன் எடை, அதாவது பூமி அதை இழுக்கும் விசை, சுமார் 28,400 கிலோநியூட்டன். ஐந்து எஃப்-1 எஞ்சின்களும் சேர்ந்து தந்த உந்துவிசை சுமார் 34,000 கிலோநியூட்டன். எடையைச் சமன்செய்தது போக மிஞ்சுவது 5,600 கிலோநியூட்டன்தான். அந்த மிச்சம்தான் 2,900 டன்னையும் அசைக்க வேண்டும். 5,600-ஐ 2,900-ஆல் வகுத்தால் முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.9 மீட்டர். பக்கத்தில் நின்ற கோபுரத்தைத் தாண்டவே அதற்குப் பத்து வினாடிக்கு மேல் ஆனது.

இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் உள்ளன. பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். எடை உந்துவிசையில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. மிச்ச விசை எவ்வளவு முடுக்கத்தைத் தரும் என்பதை நிலைமம் தீர்மானிக்கிறது. ஈர்ப்பே இல்லாத இடத்தில் அதே ராக்கெட்டைப் பற்றவைத்தால் முடுக்கம் வினாடிக்கு வினாடி 11.7 மீட்டராக இருக்கும். முடிவிலியாக ஆகிவிடாது. எடை போய்விட்டது, நிலைமம் அப்படியே இருக்கிறது.

உந்துவிசையை எடையால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் பெரிய திரவ எரிபொருள் ராக்கெட்டுகளில் பெரும்பாலும் 1.2 முதல் 1.5 வரை இருக்கும். ஒன்றுக்கு மிக அருகில் வைத்தால் ராக்கெட் தவழ்ந்து எழும்பும். தன்னைத் தாங்கிக்கொள்வதற்கே எரிபொருளை எரித்துத் தீர்க்கும். மிக அதிகமாக வைத்தால் எஞ்சின்களின் நிறை கூடும், அடர்ந்த காற்றுக்குள் தேவைக்கு மீறிய வேகமும் வந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். சாட்டர்ன் 5-இன் எஞ்சின்கள் புறப்படுவதற்கு ஏறக்குறைய ஒன்பது வினாடி முன்பே பற்றவைக்கப்பட்டன. உந்துவிசை முழு அளவை எட்டும்வரை இரும்புப் பிடிகள் ராக்கெட்டைப் பிடித்து வைத்திருந்தன. பிடியைச் சட்டென்று விட்டால், அடியில் உந்துவிசை, மேலே அசைய மறுக்கும் நிறை என்று 110 மீட்டர் உயர உடல் முழுக்க அதிர்வு ஓடும். அதனால் முதல் 15 சென்டிமீட்டர் உயரும்வரை, கூம்பிய உலோகத் தண்டுகளை இறுக்கமான துளைகள் வழியாக இழுத்தபடி எழும்புமாறு செய்திருந்தார்கள். விசை படிப்படியாக ஏறியது, அதிர்வு அடங்கியது.

விண்வெளியில் காற்றே இல்லை. ராக்கெட் எதைத் தள்ளி முன்னேறுகிறது?

தன் வயிற்றில் சுமந்துசென்ற பொருளைத்தான். எரிந்த வாயுவுக்கும் நிறை உண்டு, ஆகவே நிலைமமும் உண்டு. அதை நாசில் என்னும் கூம்பு வாய் வழியாகப் பின்னால் விரட்ட விசை வேண்டும்; அந்த விசைக்கு இணையான எதிர்விசை ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. வெளியே காற்று இருக்கிறதா இல்லையா என்பது இதில் வரவே வராது. சொல்லப்போனால் காற்று இருந்தால் வாயு வெளியேறுவதை அது எதிர்க்கும். அதனால்தான் ஒரே எஞ்சின் வெற்றிடத்தில் கூடுதல் உந்துவிசை தருகிறது.

இந்தச் சந்தேகம் பெரிய இடங்களிலும் இருந்தது. அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டின் ராக்கெட் யோசனையைப் பற்றி 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியபோது, வெற்றிடத்தில் தள்ளுவதற்கு எதுவும் இல்லையே என்று அவரைக் கண்டித்தது. அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று அதே நாளிதழ் திருத்தம் வெளியிட்டது.

உந்துவிசையின் கணக்கு எளிது: ஒரு வினாடியில் வெளியேறும் வாயுவின் நிறையை அதன் வேகத்தால் பெருக்குங்கள். சாட்டர்ன் 5-இன் முதல் அடுக்கிலிருந்து வினாடிக்குச் சுமார் 13,000 கிலோ வாயு, வினாடிக்குச் சுமார் 2,600 மீட்டர் வேகத்தில் வெளியேறியது. பெருக்கினால் 3 கோடியே 38 லட்சம் நியூட்டன். முன் கேள்வியில் சொன்ன 34,000 கிலோநியூட்டன் இங்கிருந்துதான் வருகிறது.

வாயுவின் நிலைமம்தான் பிடிமானம் என்பதைக் கையால் சோதிக்க இரண்டு லிட்டர் பாட்டிலில் செய்யும் தண்ணீர் ராக்கெட்டே போதும். வெறும் பாட்டிலில் வளிமண்டலத்தைவிட 4 பார் (ஏறக்குறைய நான்கு வளிமண்டல அழுத்தம்) கூடுதலாகக் காற்றடித்து விட்டால் உள்ளே இருப்பது சுமார் 12 கிராம் காற்று. அது வேகமாக வெளியேறினாலும் தள்ளுவதற்கு நிறை போதாது. பாட்டில் தாழ்வாகத் துள்ளி விழும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய 650 கிராம் தண்ணீர், தொடக்கத்தில் வினாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் வெளியேறும். உந்தம் பல மடங்கு கூடும். அதற்காக முழுக்க நிரப்பிவிடக் கூடாது. தண்ணீரைத் தள்ளும் ஆற்றல் அழுத்திய காற்றில்தான் இருக்கிறது, அதற்கு இடம் வேண்டும். கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நிரப்புவது நல்ல பலன் தரும். சோடா வகைப் பானங்கள் அடைத்துவரும் பாட்டிலை மட்டுமே பயன்படுத்துங்கள். சாதாரணத் தண்ணீர் பாட்டில் அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கும். நீளமான கயிறு கட்டி, தள்ளி நின்று விடுவியுங்கள்.

எரிபொருள் தீரத் தீர ராக்கெட்டின் நிலைமம் குறையுமா?

குறையும். அதனால் அதே உந்துவிசையில் முடுக்கம் ஏறிக்கொண்டே போகும். புறப்பட்டபோது தவழ்ந்த சாட்டர்ன் 5, இரண்டே கால் நிமிடத்தில் ஏறத்தாழ 4 ஜி முடுக்கத்தை, அதாவது பூமி ஈர்ப்பு தரும் முடுக்கத்தைப்போல நான்கு மடங்கை எட்டியது. அதற்கு மேல் போனால் உடலுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து என்பதால் நடு எஞ்சினை மட்டும் 135 வினாடி வாக்கில் முன்கூட்டியே அணைத்தார்கள். விண்வெளி ஓடம் வேறு வழியைக் கையாண்டது. சுற்றுப்பாதைக்குப் போகும் கடைசி ஒரு நிமிடத்தில் எஞ்சின்களின் உந்துவிசையைப் படிப்படியாகக் குறைத்து 3 ஜி-யிலேயே நிறுத்தியது. திட எரிபொருளை இப்படி நடுவில் குறைக்க முடியாது. ஆகவே அதன் உள்துளையின் வடிவத்தை, எரிபரப்பு நேரத்துக்கேற்ப மாறும்படி முன்பே வார்த்துவிடுவார்கள்.

அப்படியானால் எரிபொருளை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகுமா?

ஆகாது. கூடுதல் எரிபொருளுக்கும் நிலைமம் உண்டு. அதையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: கிடைக்கும் வேகம், தொடக்க நிறையை இறுதி நிறையால் வகுத்த விகிதத்தின் இயல் மடக்கையைப் பொறுத்தது. வாயு வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம்.

நிறை விகிதம் 2 என்றால் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 2.1 கி.மீ.
விகிதம் 4 என்றால் 4.2 கி.மீ.
விகிதம் 8 என்றால் 6.2 கி.மீ.

ஒவ்வொரு முறை விகிதத்தை இரட்டிப்பாக்கும்போதும் அதே 2.1 கி.மீ. மட்டுமே கூடுகிறது. பூமியைத் தாழ்வாகச் சுற்றிவர வினாடிக்கு 7.8 கி.மீ. வேண்டும், ஈர்ப்பும் காற்றும் தின்பதைச் சேர்த்தால் 9.4 கி.மீ. வாக்கில் வரும். அதற்கான நிறை விகிதம் 23. அதாவது 100 டன் ராக்கெட்டில் கடைசியில் மிஞ்சலாம் என்பது 4.3 டன். தொட்டி, எஞ்சின், குழாய்கள், செயற்கைக்கோள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தொட்டியும் எஞ்சினுமே அதை நிரப்பிவிடும்.

இதனால்தான் ராக்கெட்டை அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். காலியான தொட்டி எந்த உதவியும் செய்வதில்லை, ஆனால் அதன் நிலைமம் மட்டும் கூடவே வரும். அதைக் கழற்றி எறிந்தால் மிச்சமிருக்கும் எரிபொருள் சிறிய நிறையைத் தள்ளினால் போதும்.

கழற்றிய அடுக்கு தானாகப் பின்தங்கிவிடாதா?

பின்தங்காது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கழன்ற நொடியில் இரண்டு அடுக்குகளும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. காற்று கிட்டத்தட்ட இல்லாத உயரத்தில், தனியே தள்ளிவிடாவிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே மிதக்கும். எஞ்சினை அணைத்த பிறகும் அதில் மிஞ்சிய வாயு சில நொடிகள் கசிந்து தள்ளினால், கீழ் அடுக்கு மேல் அடுக்கை முட்டிவிடும்.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட்டின் மூன்றாம் பயணம் 2008 ஆகஸ்ட் 2 அன்று இப்படித்தான் தோற்றது. முதல் அடுக்கின் புதிய வகை எஞ்சினில், அணைத்த பிறகும் சிறு உந்துவிசை நீடித்தது. தரைச் சோதனையில் அது தெரியவில்லை. ஏனென்றால் அந்த மிச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. வெற்றிடத்தில் அதே மிச்சம் அடுக்கை முன்னே தள்ளி, மேல் அடுக்கின் மீது மோதவைத்தது. தீர்வு மிக எளியது: அணைப்பதற்கும் கழற்றுவதற்கும் இடையிலான நேரத்தைக் கூட்டினார்கள். செப்டம்பர் 28 அன்று நான்காவது பயணம் சுற்றுப்பாதையை அடைந்தது.

சாட்டர்ன் 5-இன் முதல் அடுக்கில் எட்டுச் சிறு திட ராக்கெட்டுகள் முன்நோக்கிச் சீறி அடுக்கைப் பின்னுக்கு இழுத்தன. ஃபால்கன் 9-இல் அழுத்த வாயுத் தண்டுகள் அடுக்குகளைப் பிரித்துத் தள்ளுகின்றன. சோயுஸ் ராக்கெட்டில் மேல் அடுக்கு, கழல்வதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். தீப்பிழம்பு வெளியேறத்தான் இடையே கம்பிப் பின்னல் போன்ற சட்டம் வைத்திருக்கிறார்கள். இந்தச் சோயுஸ் முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது கீழே தளும்பல் கேள்வியில் வருகிறது.

பூமி சுழல்கிறதே, மேலே போன ராக்கெட்டுக்குக் கீழே ஏவுதளம் நகர்ந்துவிடாதா?

ஏவுதளத்தில் நிற்கும்போதே ராக்கெட்டும் பூமியோடு கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. தரையை விட்டதும் அந்த வேகம் மறைந்துவிடாது. நிலநடுக்கோட்டில் அது வினாடிக்கு 465 மீட்டர். வடக்கேயோ தெற்கேயோ போகப் போகக் குறையும்: பிரெஞ்சு கயானாவின் கூருவில் 463, ஸ்ரீஹரிகோட்டாவில் 452, கேப் கனாவெரலில் 409, கஜகஸ்தானின் பைக்கனூரில் 323. கிழக்கு நோக்கி ஏவினால் இது இலவசமாகக் கிடைக்கும். இஸ்ரேல் தன் ஷாவிட் ராக்கெட்டை மத்தியதரைக் கடல் பக்கமாக மேற்கே ஏவுகிறது. அங்கே இந்த வேகத்தை முதலில் ஈடுகட்டிவிட்டுத்தான் தேவையான வேகத்தைச் சேர்க்க முடியும்.

விண்ணில் ராக்கெட் ஏன் விமானம் போலத் திரும்புவதில்லை?

விமானம் திரும்பும்போது இறக்கை காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. விண்ணில் அந்த வேலையையும் எரிபொருளே செய்ய வேண்டும். ராக்கெட்டின் மூக்கைத் திருப்புவது எளிது, பாதை திரும்பாது. மூக்கு பக்கவாட்டில் இருக்க, உடல் பழைய திசையிலேயே சறுக்கிக்கொண்டு போகும்.

இதன் விலை எவ்வளவு தெரியுமா? வினாடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் சுற்றும் கலத்தின் பாதைத்தளத்தை 60 பாகை சாய்க்க வேண்டுமானால், மேலும் 7.8 கி.மீ. வேகமாற்றம் வேண்டும். சுற்றுப்பாதைக்கு வர எவ்வளவு வேகம் தேவைப்பட்டதோ, திரும்புவதற்கும் அவ்வளவு! 28.5 பாகை சாய்ப்பதற்கே 3.8 கி.மீ. ஆகும். ஆகவே அனுபவசாலிகள் வேகம் குறைந்த இடத்தில் திரும்புகிறார்கள். புவிநிலைப் பாதைக்குப் போகும் செயற்கைக்கோள், நீள்வட்டத்தின் உச்சியில் வினாடிக்கு 1.6 கி.மீ. அளவில் ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கே அதே 28.5 பாகைக்கு 0.8 கி.மீ. போதும். பாதையை வட்டமாக்கும் எரிப்போடு சேர்த்துச் செய்தால் இன்னும் மிச்சப்படும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. நேராகத் தெற்கே போனால் இலங்கையின் மேல் பறக்க நேரும். அதைத் தவிர்க்க முதலில் தென்கிழக்கே போய், பிறகு வளைகிறது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கிழக்கு வேகத்தை வளைவில் ஈடுகட்ட வேண்டியிருப்பதால், கொண்டுபோகக்கூடிய சுமை குறைகிறது.

புறப்பட்ட பிறகு செங்குத்திலிருந்து கிடைமட்டத்துக்குத் திரும்புவதையும் முடிந்தவரை ஈர்ப்பிடமே விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு சில பாகை மட்டும் சாய்த்துவிட்டால், ஈர்ப்பு பாதையை மெல்ல வளைத்துக்கொண்டே போகும். காற்றும் உடலின் பக்கவாட்டில் மோதாது.

எஞ்சினை மேலே வைத்து, தொட்டியைக் கீழே தொங்கவிட்டால் ராக்கெட் நேராகப் போகுமா?

போகாது. 1926 மார்ச் 16 அன்று பறந்த கோடார்டின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் மேலேதான் இருந்தது. ஊசல் போல அது தன்னை நேராக்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. ஊசலை நேராக்குவது, நிலையான ஒரு புள்ளியில் அது தொங்குவது. ராக்கெட்டில் எஞ்சினும் உடலோடு சேர்ந்து சாய்கிறது. உந்துவிசையின் கோடு நிறை மையம் வழியாகவே போனால், எஞ்சின் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் திருப்பு விளைவு சுழி. ஈர்ப்பும் நிறை மையத்தில்தான் செயல்படுகிறது, அதுவும் திருப்பாது. சாய்ந்த ராக்கெட் சாய்ந்தபடியே போகும்.

நேராக்க வேண்டுமானால் வால் இறக்கைகள் வேண்டும், அல்லது எஞ்சினைச் சில பாகைகள் சாய்த்துத் திருப்பு விசை உண்டாக்க வேண்டும். அப்போது வேலைக்கு வருவது சுழற்சிக்கான நிலைமம், அதாவது நிலைமத் திருப்புத்திறன். 40 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் ஆரமும் கொண்ட சீரான உருளைக்கு, குறுக்கே கவிழும் அச்சில் இருக்கும் நிலைமத் திருப்புத்திறன், நீள அச்சில் உருளும்போது இருப்பதைப்போல 110 மடங்குக்கு மேல். ஆகவே ராக்கெட் மெதுவாகக் கவிழும், ஆனால் சிறு கோளாறிலும் சட்டென்று உருளத் தொடங்கும். ஒற்றை எஞ்சினைச் சாய்த்து உருளலை நிறுத்த முடியாது; அதற்கெனப் பக்கவாட்டுச் சிற்றெஞ்சின்களை வைப்பார்கள். கவிழ்வது மெதுவாக இருக்கிறதே என்று சாய்த்த எஞ்சினை அப்படியே விட்டால், நேரான நிலையைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். திருப்பு விசையை நிறுத்தினால் சுழற்சி நின்றுவிடாது அல்லவா? பாதி வழியிலேயே எதிர்ப்பக்கம் சாய்த்துச் சுழற்சியைக் கொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு நிரல் கோணத்தை மட்டுமின்றிக் கோணவேகத்தையும் பார்ப்பது இதற்காகத்தான்.

தொட்டிக்குள் இருக்கும் திரவம் தளும்பினால் என்ன ஆகும்?

ததும்ப நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர்களுக்குத் தெரியும்: கை திரும்பிவிடும், தண்ணீர் திரும்பாது. ராக்கெட்டின் நிறையில் பெரும்பங்கு திரவம். உடல் ஒரு பக்கம் சாய்ந்தால் திரவம் பழைய திசையிலேயே போகப் பார்த்துச் சுவரில் மோதும். மோதி உடலை மேலும் ஆட்டும். அந்த ஆட்டத்தை எஞ்சின் திருத்த முயலும் நேரமும் தளும்பும் நேரமும் ஒத்துப்போனால், திருத்தமே தளும்பலை வளர்க்கும்.

2007 மார்ச்சில் ஃபால்கன் 1-இன் இரண்டாம் பயணம் இதில் விழுந்தது. இரண்டாம் அடுக்கின் திரவ ஆக்சிஜன் தொட்டியில் தளும்பல் தடுப்புகள் வைக்கப்படவில்லை. ஆட்டம் வளர்ந்து, அடுக்கு உருளத் தொடங்கி, எரிபொருள் சுவரோரம் ஒதுங்கி, எஞ்சின் பட்டினியால் அணைந்தது. பெரும்பாலான தொட்டிகளின் உட்சுவரில் நீங்கள் காணும் தட்டையான வளையங்கள் இதற்காகத்தான். திரவம் அவற்றில் மோதிச் சுழித்து ஆற்றலை இழக்கிறது. வளையங்களைக் கூட்டினால் நிறை கூடும். ஆகவே தளும்பல் ஆபத்தான மட்டங்களுக்கு மட்டும் பொருத்துவார்கள்.

நீளவாக்கிலும் ஓர் ஆட்டம் உண்டு. அதைப் போகோ என்பார்கள். உந்துவிசை சற்றுக் கூடினால் உடல் அழுந்தும்; குழாயில் நிற்கும் திரவம் தன் நிலைமத்தால் எஞ்சின் வாயில் அழுத்தத்தைக் கூட்டும்; அது உந்துவிசையை இன்னும் கூட்டும். இப்படியே வட்டமாக வளரும். 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் இரண்டாம் அடுக்கில் நடு எஞ்சின் இந்த அதிர்வால் ஏறத்தாழ இரண்டு நிமிடம் முன்னதாகவே அணைந்தது. மற்ற நான்கும் கூடுதல் நேரம் எரிந்து ஈடுகட்டின. குழாயில் வாயு நிரம்பிய சிறு அறை ஒன்றை இணைத்தால் அழுத்த அலை அதில் அமுங்கிவிடும். பிந்தைய பயணங்களில் அதைத்தான் செய்தார்கள்.

எஞ்சின் அணைந்து எடையின்மை வந்துவிட்டால் வேறொரு தொல்லை. திரவம் தொட்டியின் அடியில் தங்காது. அப்போது எஞ்சினைப் பற்றவைத்தால் குழாய்க்குள் வாயுக் குமிழி போகும். பம்ப் சுமையின்றிக் கட்டுமீறிச் சுழன்று சிதையும். ஆகவே சிற்றெஞ்சின்களால் கலத்தை முதலில் மெல்ல முன்னே தள்ளுவார்கள். கலம் நகரும், திரவம் பின்தங்கி அடியில் சேரும். பிறகுதான் பெரிய எஞ்சின். முன்பு சொன்ன சோயுஸ் முறையில் உந்துவிசை இடைவெளியே விடுவதில்லை என்பதால் மேல் அடுக்கின் திரவம் அடியிலேயே நிற்கிறது.

எடையின்மையில் பொருள்களை ஒரு விரலால் நகர்த்தலாம் என்கிறார்களே, நிலைமம் இல்லையா?

நிலைமம் முழுதாக இருக்கிறது. ஒரு டன் பெட்டியை விரலால் நகர்த்தத் தொடங்கலாம்; ஆனால் மெதுவாகத்தான். நகர்ந்துகொண்டிருப்பதை நிறுத்தவும் அதே அளவு உழைப்பு வேண்டும். சுவருக்கும் அதற்கும் நடுவில் கை மாட்டினால் நசுங்கும்.

1997 ஜூன் 25 அன்று ஏழு டன் நிறையுள்ள புரோகிரெஸ் சரக்குக் கலம், வினாடிக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் வேகத்தில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தின் ஸ்பெக்டர் பகுதியில் மோதியது. ஓடும் மனிதரின் வேகம்தான். ஆனாலும் சுவர் துளைபட்டு, அந்தப் பகுதியை மூடிப் பிரிக்க வேண்டியதாயிற்று.

நிலைமம் இருப்பதால்தான் விண்ணில் உடல் நிறையையும் அளக்க முடிகிறது. தராசு அங்கே எதையும் காட்டாது. 1973-இல் ஸ்கைலேப் நிலையத்தில் சுருள்வில் நாற்காலி ஒன்று வைத்திருந்தார்கள். அதில் அமர்ந்து ஆடினால், நிறை கூடக் கூட ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆகும் நேரம் நீளும். அந்த நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிட்டார்கள்.

எஞ்சின் அணைந்தும் கலம் ஓடிக்கொண்டே இருப்பது எப்படி?

நிறுத்துவதற்கு எதுவும் இல்லை என்பதால். 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட வாயேஜர் 1 இன்றும் வினாடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் போகிறது. வேகத்தைத் தக்கவைக்க அது எதையும் எரிப்பதில்லை. அதன் சிற்றெஞ்சின்கள் ஆண்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைக்கவே பயன்படுகின்றன. சூரியனின் ஈர்ப்பு மட்டும் அதை மிக மெல்லப் பின்னிழுக்கிறது.

தன் வேகம் எவ்வளவு என்று ராக்கெட்டுக்கு எப்படித் தெரியும்?

அதற்கும் நிலைமம்தான் கருவி. முடுக்கமானிக்குள் ஒரு சிறு நிறை இருக்கும். உடல் முடுக்கும்போது அது பின்தங்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த எவ்வளவு விசை ஆகிறது என்பதே முடுக்கத்தின் அளவு. அதை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போனால் வேகம். வேகத்தைக் கூட்டினால் தூரம். 1944-இல் பறந்த வி-2 ஏவுகணையே இப்படி வேகத்தை அளந்து எஞ்சினை அணைத்தது.

கவனிக்க வேண்டியது: தடையற்று விழும் கலத்தில் இந்தக் கருவி சுழியைக் காட்டும். ஏவுதளத்தில் அசையாமல் நிற்கும்போதோ 9.8 காட்டும். அது ஈர்ப்பை உணர்வதில்லை, ஆகவே கணினி ஈர்ப்பைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். சிறு பிழையும் வளரும். வினாடிக்கு வினாடி ஒரு மில்லிமீட்டர் பிழை, பத்து நிமிடத்தில் வேகத்தில் 0.6 மீட்டராகவும் இடத்தில் 180 மீட்டராகவும் ஆகிவிடும்.

பொருத்துவதில் தவறினால் அழிவுதான். 2013 ஜூலை 2 அன்று புறப்பட்ட புரோட்டான் ராக்கெட்டில் மூன்று கோணவேக உணரிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. சரியாகத் திருத்துவதாக எண்ணி, அது தன்னை மேலும் மேலும் கவிழ்த்துக்கொண்டு ஏவுதளத்தின் அருகிலேயே விழுந்தது. 1996 ஜூன் 4 அன்று முதல் ஏரியான் 5 அழிந்ததும் இந்தக் கருவித் தொகுதியில்தான். அதில் கருவி சரியாகவே அளந்தது. ஏரியான் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்துவைத்ததால், கூடுதலான கிடைமட்ட வேகம் 16 பிட் எண்ணுக்குள் அடங்காமல் போயிற்று. மாற்றுக் கருவியிலும் அதே நிரல். இரண்டும் ஒரே காரணத்தால் நின்றன.

செயற்கைக்கோளைச் சுழலவிட்டால் அது எப்போதும் அதே அச்சில் சுழலுமா?

முற்றிலும் விறைப்பான பொருளானால், நீள அச்சிலும் சுழலும், குறுக்கு அச்சிலும் சுழலும். உண்மையில் எதுவும் முற்றிலும் விறைப்பாக இருப்பதில்லை. 1958-இல் ஏவிய எக்ஸ்ப்ளோரர் 1 பென்சில் போன்ற வடிவம்; நீள அச்சில் சுழலவிட்டார்கள். அதன் வளையும் கம்பி ஆண்டெனாக்கள் ஆடி ஆடி ஆற்றலை வெப்பமாக இழந்தன. கோண உந்தம் மாறாமல் ஆற்றல் மட்டும் குறைந்தால், பொருள் தன் மிகப்பெரிய நிலைமத் திருப்புத்திறன் உள்ள அச்சுக்கு மாறிவிடும். சீக்கிரமே அது தலைகுப்புறச் சுழலத் தொடங்கியது. அதனால், நெடுநாள் சுழலும் கலங்களைத் தட்டு போல அகலமாக வடிவமைப்பது பாதுகாப்பு.

தரையிறங்கும் ராக்கெட் ஏன் கடைசி நொடியில் எஞ்சினைப் பற்றவைக்கிறது?

இறங்கும் வேகத்தைக் கொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, அவ்வளவு நேரம் ஈர்ப்போடும் போராட வேண்டும். நேரம் குறைந்தால் எரிபொருள் மிச்சம். ஃபால்கன் 9-இன் கிட்டத்தட்டக் காலியான முதல் அடுக்குக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. ஒற்றை எஞ்சினை எவ்வளவு தணித்தாலும் உந்துவிசை எடையை மிஞ்சும். அந்தரத்தில் நிற்க முடியாது. வேகம் சுழியாகும் நொடியில் கால் தரையில் படவேண்டும். முன்னதாக நின்றுவிட்டால் மறுபடி மேலே போகத் தொடங்கும்.

வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் இறங்கும் ராக்கெட், வினாடிக்கு வினாடி 10 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் நிற்க 500 மீட்டர் வேண்டும். ஒரு வினாடி தாமதித்தால் அதில் 100 மீட்டர் போய்விடும். மீதி 400 மீட்டரில் நிற்க 12.5 மீட்டர் வீதம் தேவை. எஞ்சினில் அந்தக் கூடுதல் கையிருப்பு இல்லையென்றால் மோதல்தான்.

என் மாதிரி ராக்கெட்டை இலேசாக்கினேன். உயரம் குறைந்துவிட்டது. ஏன்?

மாதிரி ராக்கெட்டில் மோட்டார் ஓரிரு வினாடியில் தீர்ந்துவிடும். உயரத்தில் பெரும்பகுதி அதன் பிறகு நிலைமத்தால் ஏறுவதுதான். 9 நியூட்டன்-வினாடி கணத்தாக்கு (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கியது) தரும் சி6 வகை மோட்டார், 100 கிராம் ராக்கெட்டுக்கு வினாடிக்குச் சுமார் 70 மீட்டர் வேகம் தரும். நிறையைக் குறைத்தால் தொடக்க வேகம் கூடும். ஆனால் காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். தடையை எதிர்த்து ஓட நிறையும் குறைவு. ஓரளவுக்குக் கீழே போனால் உயரம் குறையத் தொடங்கும். அந்தச் சிறந்த நிறை ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் வேறு. மூக்கில் ஐந்தைந்து கிராமாகக் களிமண் சேர்த்து, காற்றில்லாத நேரத்தில் ஏவி உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

களிமண்ணை மூக்கில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நிறை மையம், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையத்துக்கு முன்னால் உடல் விட்டத்தைப்போல ஒன்று முதல் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு மடங்குக்குக் கீழே போனால் தள்ளாடும். மிக அதிகமானால் காற்றடிக்கும் பக்கம் மூக்கைத் திருப்பி ஓடும். வழிகாட்டிக் கம்பியை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 13 முதல் 15 மீட்டர் வேகமாவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் வால் இறக்கைகளுக்குக் காற்றில் பிடி கிடைக்காது. நிறையைக் கூட்டும்போது இதையும் சரிபாருங்கள். நிறை கூடினால் கம்பியை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும், அப்போது நீளமான கம்பியோ தொடக்க உந்துவிசை அதிகமான மோட்டாரோ தேவைப்படும். மோட்டார் பெயரின் கடைசி எண், எரிந்து முடிந்து எத்தனை வினாடி கழித்துப் பாராசூட் குடை விரியும் என்பதைச் சொல்கிறது. சி6-5 என்றால் ஐந்து வினாடி. ராக்கெட் கனமாகி, மேலேறும் நேரம் குறைந்துவிட்டால் ஐந்துக்குப் பதில் மூன்று வினாடி மோட்டாரை எடுங்கள். இல்லாவிட்டால் கீழே வேகமாக வரும்போது குடை விரிந்து கிழியும்.